சதுரக் குண்டு யாருக்கு?

சென்ற தவணை முடியச் சில நாட்களே இருந்தபோது, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் பளபளக்கும் தாளில் அச்சிட்ட ஆங்கிலப் படநூல் ஒன்றைக் கொண்டுவந்தான். கொழும்பில் வேலை செய்யும் அவனுடைய மாமா பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்ததாம். ஐரோப்பியப் படைகளுக்கென்று முந்நூறு ஆண்டுகளில் செய்து பார்க்கப்பட்ட விசித்திரத் துப்பாக்கிகளின் வரலாறு அது. வகுப்பு முழுவதும் அவனைச் சூழ்ந்துகொண்டது. "சேர், இந்தத் துவக்கு சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனையும் சுடுமாம்!" என்று வளைந்த குழலுடைய ஜெர்மன் துப்பாக்கி ஒன்றைச் சுட்டிக் காட்டினான். அந்நூலை ஓர் இரவுக்கு இரவல் கேட்டு வாங்கினோம். படித்து முடித்தபோது எமக்குத் தூக்கம் வரவில்லை.

இயந்திர அறிவை வெறுப்பவரல்லர் நாம். ஒரு விசைப்பொறி எவ்வாறு இயங்குகிறது, சுருள்வரி வெட்டிய குழலில் குண்டு ஏன் சுழன்று செல்கிறது என்பவற்றை நம் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். நமது குற்றச்சாட்டு வேறு. அந்நூல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் செய்தவர் பெயரைத் தருகிறது, ஆண்டைத் தருகிறது, குழல் எத்தனை, நிமிடத்துக்கு வெடி எத்தனை, கைவிட்ட காரணம் யாது என்றெல்லாம் தருகிறது. இது யாரைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி மட்டும் முந்நூறு பக்கங்களில் ஓரிடத்திலும் எழவில்லை. கொலைக் கருவியின் வரலாற்றைக் கொலையுண்டவன் இல்லாமலே எழுதிவிடலாம் என்ற இத் துணிவு தற்செயலானதன்று. ஆயுத நிபுணர் என்று பெயர் பெற்றவருள் மிகப் பலருடைய எழுத்தில் இதே மௌனம் உறைந்து கிடக்கிறது.

அப்படநூலின் அதிசயங்கள் சிலவற்றை வாசகரும் பார்க்கட்டும். 1779இல் ஆங்கிலக் கடற்படைக்கென உருவான ஏழு குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. ஹென்றி நொக் என்பவர் செய்தது. ஏழு குழலும் ஒரே நேரத்தில் வெடிக்கும். அந்த உதைப்பில் சுட்டவன் தோளே நொறுங்கும். ஆஸ்திரியப் படை 1780இல் ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கி இன்னும் விந்தையானது. மருந்தில்லை, புகையில்லை, அடிக்கட்டையாக அமைந்த இரும்புக் கலத்தில் காற்றை அடைத்துவிட்டால் இருபது குண்டுகளை அடுத்தடுத்து எய்யும். ஆனால் அந்தக் கலத்தை நிரப்ப ஆயிரத்து ஐந்நூறு தடவையளவு கைப்பம்பை இழுக்க வேண்டும்! மாணவனை மயக்கிய வளைகுழல் துப்பாக்கி இட்லரின் படை தோற்றுக்கொண்டிருந்த 1944, 1945ஆம் ஆண்டுகளில் பிறந்தது. முப்பது பாகை வளைந்த குழலில் ஓடிய குண்டுகள் சிதறித் துண்டுகளாய் வெளிவந்தன. முந்நூறு வெடியளவில் குழலும் தேய்ந்து போயிற்று.

ஐரோப்பியப் போர்க்களத்துக்கு ஒவ்வாது என்று 1815 அளவில் ஒதுக்கப்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு வேறோரிடத்தில் வேலை கிடைத்தது என்பதை அந்நூல் அடிக்குறிப்பில் சொல்லித் தாண்டிச் செல்கிறது. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் புறத்தை 'ஆராய' அனுப்பப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுசென்றனர். ஜிரார்டோனி வகையினது என்று பலர் கருதுவர். அதை அவர்கள் பழங்குடி மக்கள் கூடிய இடங்களிலெல்லாம் சுட்டுக் காட்டினார்கள். தீயும் மருந்தும் இன்றிக் கொல்லும் கருவி எம்மிடம் உண்டு என்று காட்டுவதே நோக்கம். அதற்குப் பின் அந்த மக்களின் நிலம் யாருடையதாயிற்று என்று சரித்திர ஆசிரிய நண்பர்களுக்கு நாம் கூறத் தேவையில்லை.

இனி, அந்நூல் இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கிப் பாராட்டும் கருவிக்கு வருவோம். ஜேம்ஸ் பக்கிள் என்னும் இலண்டன் வழக்குரைஞர் 1718 மே 15இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கி அது. முக்காலியில் நிற்கும், கையால் திருகும் உருளையில் குண்டறைகள் இருக்கும், ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் திருகிக் குழலுக்கு நேரே கொணரலாம். 1722இல் கொட்டும் மழையிலே ஏழு நிமிடத்தில் 63 வெடி தீர்த்துக் காட்டினார்கள். சாதாரணச் சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று வெடி தீர்ப்பதே திறமை எனப்பட்ட காலம் அது. ஆதலால் இக்கருவியைப் பிற்கால இயந்திரத் துப்பாக்கியின் முன்னோன் என்று அந்நூல் புகழ்வதில் பிழையில்லை.

ஆனால் காப்புரிமைப் படத்தில் உருளைகள் இருவகை. ஒன்று உருண்டைக் குண்டு எய்வதற்கு; மற்றையது சதுரக் குண்டு எய்வதற்கு. உருண்டைக் குண்டு கிறித்தவருக்கு. சதுரக் குண்டு துருக்கியருக்கு! சதுரக் குண்டு உடலை அதிகமாகக் கிழிக்கும் என்பது அவர் எண்ணம். பொறியின் இலக்கணத்தை விளக்கும் அதே தாளில், அரசனையும் நாட்டையும் சமயத்தையும் காப்பது பற்றிய செய்யுளும் அச்சாகியிருந்தது. எம் வகுப்பில் இதை வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். படநூலும் இதை ஒரு வேடிக்கையாகவே சொல்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்திய பைத்தியக்காரத்தனமாம். மதவெறி பிடித்த காலத்தின் எச்சமாம்.

பக்கிளின் பொறி விலைபோகவில்லை என்பது உண்மை. 1721இல் அதற்கென்று பங்கு நிறுவனமே திறந்தார்கள். அப்பொறியால் காயமுறுவோர் அதன் பங்கை வாங்கியோர் மட்டுமே என்று இலண்டன் நையாண்டியாளர் கேலி செய்தனர். படைத்துறை அதை வாங்கவில்லை. மொன்டேகு பிரபு இரண்டை வாங்கினார், எங்கே அனுப்ப? கரிபியக் கடலிலுள்ள சென்ட் லூசியா, சென்ட் வின்சன்ட் தீவுகளைக் குடியேற்றங்களாக்க 1722இல் புறப்பட்ட கப்பல்களுடன் அனுப்ப. தன் நாட்டுப் போரில் நம்பி எடுக்கத் துணியாத கருவிக்குப் பிறர் நாட்டில் இடம் கிடைத்ததை இங்கும் காண்கிறோம்.

பொறி தோற்றது, ஆனால் அதற்குள்ளிருந்த எண்ணம் தோற்றதா? மனிதருள் இரு வகை உண்டு, எனவே குண்டிலும் இரு வகை வேண்டும் என்ற எண்ணம் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் மறுபிறவி எடுத்தது. 1895இல் வடமேற்கு எல்லையில் சித்ரால் போரிலே பிரித்தானியப் படையினர் ஒரு குறை கூறினார்கள்: புதிய லீ-மெற்போர்ட் துப்பாக்கியின் குண்டு மெல்லியது, எதிரியின் உடலைத் துளைத்து மறுபுறம் போய்விடுகிறது, அவனோ விழாமல் ஓடி வருகிறான் என்று. டம்டம் சாலையின் அதிகாரி நெவில் பெர்ட்டி-கிளே இதற்கு மருந்து கண்டார். குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி உள்ளிருந்த ஈயம் வெளியே தெரியச் செய்தார். உடலைத் தொட்டதும் ஈயம் மலரும். உட்புகும் துளை சிறிது, உள்ளே விளையும் நாசம் பெரிது. பக்கிள் சதுரத்தால் செய்ய நினைத்ததை இவர் வட்டத்தை உடைத்துச் செய்தார்.

1899இல் ஹேக் நகரில் வல்லரசுகள் கூடின. விரியும் குண்டுகளைத் தடை செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டாக் எழுந்து ஒரு வேறுபாட்டை விளக்கினார். நாகரிக நாட்டுச் சிப்பாய் காயம் பட்டால் தன் நிலையை உணர்ந்து சிகிச்சைக்குச் செல்வான். காட்டுமிராண்டியோ எத்தனை காயம் பட்டாலும் பாய்ந்து வருவான். ஆகவே அவனுக்கு வேறு குண்டு தேவை என்பது அவர் வாதத்தின் சாரம். பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்து நின்றும் தடை நிறைவேறியது. 1907இல் பிரித்தானியாவும் அதனை ஏற்றது. மனிதாபிமானத்தின் வெற்றி என்று இதைப் பாடநூல்கள் போற்றும். அப் பிரகடனத்தின் கீழ்ப்பகுதியை வாசித்தவர் எத்தனை பேர்? ஒப்பமிட்ட அரசுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே இத்தடை கட்டுப்படுத்தும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒப்பமிடும் உரிமையே அற்ற ஆசிய, ஆபிரிக்க மக்களைச் சுடுவதற்குத் தடையேதுமில்லை. 1718இல் ஒரு தனிமனிதன் காப்புரிமைத் தாளில் வரைந்து காட்டிய இரு உருளைகளும் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் சர்வதேசச் சட்டத்தில் ஏறி அமர்ந்துகொண்டன. இதை வேடிக்கை என்று சிரிக்க எமக்கு முடியவில்லை.

அந்தப் பிரகடனத்தின் திகதி 1899 யூலை 29. மாத்தளை வாசிகளாகிய நமக்கு அந்த யூலை 29 வேறொரு காரணத்தால் நினைவிலிருக்க வேண்டும். அதற்குச் செல்லுமுன் படநூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நம் ஊர் அங்கேதான் வருகிறது.

'கீழைத்தேயங்கள்' என்ற தலைப்பில் ஒரே ஒரு பக்கம். அதன் மூலையில் பெருவிரல் அளவு படமொன்று: நீண்ட குழல், இரண்டாய்ப் பிளந்து சுருண்ட அடிக்கட்டை, அதன்மேல் நுண்ணிய செதுக்கு வேலை. சிங்களத் துப்பாக்கி. கீழே எழுதியிருப்பது: போர்த்துக்கேயப் பொறியின் பிரதி. அவ்வளவே!

பிரதியாம்! ஏழு குழல் வைத்துத் தோளை முறித்துக்கொண்டவன் செய்தது பரிசோதனை. வளைந்த குழலில் குண்டைச் சிதறடித்தவன் செய்தது துணிகரப் புதுமை. கண்டி நாட்டுக் கொல்லன் செய்தது மட்டும் பிரதி. ஐரோப்பாவிலே ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தபோது அதற்கு வளர்ச்சி என்று பெயர். 1505இல் போர்த்துக்கேயர் கரையிறங்கியபோது இத்தீவினருக்கு அவர்தம் வெடியோசை இடியோசையினும் பெரிதாய்க் கேட்டது என்பதை ராஜாவலிய கூறும். அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே நிலைமை மாறிவிட்டது. கோவாவில் இருந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட நூலில், சிங்களர் செய்யும் துப்பாக்கிக் குழல்கள் வெள்ளிபோல் ஒளிரும் அழகுடையன என்று பாராட்டுகிறார். மூன்று தலைமுறைக்குள் புதியதொரு தொழிலைக் கற்று, கற்பித்தவனே மெச்சும்படி செய்தவர்கள் அவர்கள். போர்த்துக்கேயப் பொறியை எடுத்துக்கொண்டாலும் அதனைத் துப்பாக்கியின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றினார்கள். இவ்வொரு மாற்றத்தைக் கண்ட பின்னும் பிரதி என்று எழுதுவோரின் கண்ணுக்கு என்ன நோய் என்று தெரியவில்லை.

இந்தத் திறன் வெறுமையிலிருந்து குதித்துவிடவில்லை. நமது மாத்தளை மாவட்டத்திலேயே, சிகிரியாவை அடுத்த அலகொலவெவப் பகுதியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய இரும்புருக்கும் உலைகளை அகழ்வாய்வாளர் வெளிக்கொணர்ந்துள்ளனர். சிகிரியாவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாம், ஓவியப் பெண்களைக் காட்டுகிறோம். உலையூதிய மக்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கண்டிப் படையினரிடம் கொடித்துவக்கு என்றொரு சிறு பீரங்கி இருந்தது. மரக்கால்களின்மேல் குந்தியிருக்கும் அதன் தோற்றத்தைக் கண்டு ஆங்கிலேயர் 'வெட்டுக்கிளி' என்று பெயரிட்டனர். ஆங்கிலேயரின் பீரங்கியை மலைப்பாதையில் இழுக்க மாடும் யானையும் கூலியாட்களும் வேண்டியிருந்தபோது, இதனை ஆட்களே தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஓடலாம். மலைக்கும் காட்டுக்கும் ஏற்ற வடிவமைப்பு என்பது இதுவன்றோ? 1803இல் மாத்தளையில் ஆங்கிலேயர் தம் தளபதி மக்டவல் பெயரால் ஒரு கோட்டை கட்டினர். அவ்வாண்டு யூன் இறுதியில் கப்டன் மட்ஜ் தன் படையுடன் அதை விட்டுத் திருகோணமலையை நோக்கிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கோட்டை நின்ற இடம் பின்னர் கல்லறைத் தோட்டமாயிற்று. நம் மாணவர் அதன் வாயிலைத் தினமும் கடந்து செல்கின்றனர். அவருள் அதனை அறிந்தவர் ஒரு கை விரலுக்குள் அடங்குவர்.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. ஆயுதத் தொழிலுக்கு ஆதரவளித்த அரண்மனை இல்லாமற் போயிற்று. எனினும் குடியானவன் வீட்டில் துப்பாக்கி இருந்தது. சேனையில் விளைந்த குரக்கனைப் பன்றியிடமிருந்தும் நெல்லை யானையிடமிருந்தும் காக்க அது தேவைப்பட்டது. மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு பயிர்க்கருவி. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு அதன்மீது கை வைத்தார். நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வந்த வரிசையில் துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் அனுமதிக் கட்டணம் வந்தது. அதே ஆண்டின் வீதிச் சட்டம், ஆறு நாள் வீதி வேலை செய் அல்லது 3 சிலிங் கட்டு என்றது. அரசின் கணக்குப்படியே ஒரு நாள் உழைப்பு 6 பென்ஸ். அப்படியானால் துப்பாக்கி வரி ஐந்து நாள் உழைப்பு. கோப்பித் தோட்டச் சொந்தக்காரரின் வண்டி ஓட வீதி வெட்டுவதற்கு ஆறு நாள். தன் பயிரைக் காக்கும் கருவிக்கு ஐந்து நாள். இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்த பிறகு எம் வகுப்பில் கலகத்தின் காரணங்களை மனனம் செய்ய எவருக்கும் தேவை ஏற்படவில்லை.

யூலை 6இல் ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். யூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடி சூட்டப்பட்டார். யூலை 28இல் மக்கள் மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கினர். கோப்பிக் களஞ்சியங்களைச் சூறையாடினர். யூலை 29இல் கண்டியில் இராணுவச் சட்டம். வாரியப்பொலத் தோட்டத்தருகே படையும் மக்களும் மோதினர். சுட்டவர் வெள்ளையர் மட்டுமல்லர். இலங்கை ரைபிள் படைப்பிரிவில் பெருந்தொகையினர் மலாயர். அடிமைப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னோர் அடிமையைச் சுடச் செய்வதை எந்த வடிவமைப்பு வரலாறு கண்டுபிடிப்புகளில் சேர்த்திருக்கிறது? மக்கள் தரப்பில் இறந்தோர் இருநூறளவினர் என்பர். படைத் தரப்பில் காயமுற்றவர் ஒருவர். ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுடப்பட்டார். ஆகஸ்ட் 26இல் கடஹபொல உன்னான்சே என்ற பிக்கு காவியுடையுடனேயே சுடப்பட்டார்.

இருநூறுக்கு ஒன்று. விந்தைத் துப்பாக்கி எதுவும் அங்கே தேவைப்படவில்லை. பயிற்றிய படை, சட்டம் என்ற பெயரில் சட்டத்தை நிறுத்தி வைக்கும் தாள், தம்மிடமுள்ள பழந்துப்பாக்கிக்கும் வரி கட்ட வழியற்ற எதிரி: இவை போதுமாயிருந்தன. அந்த வீதிச் சட்டத்தால் வந்த பாதைகளிலும், மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வரும் வழியிலுமே நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தனர். வழியில் விழுந்தோர் பலர். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனின் உயிரைக் குடித்த பொலிஸ் குண்டும் எந்தப் படநூலிலும் இடம்பெறும் விசித்திரமுடையதன்று.

இங்கே சில நண்பர் நம்மை இடைமறிப்பர். அப்படியானால் கண்டி அரசரின் ஆயுதப் பெருமையைப் பாடி நீங்களும் இனப்பெருமைக்காரரோடு சேர்ந்துகொள்கிறீர்களோ என்பர். அல்ல. புரன் அப்புவை ஓர் இனத்தின் சொத்தாக்கி மேடையில் முழங்குவோரிடம் அந்த வரிக் கணக்கைக் கேட்டால் விழிப்பர். அக்குழல்களைச் செய்த கொல்லர், சாதியால் கட்டுண்டு, இராசகாரியம் என்ற கட்டாயச் சேவையாக உலையில் வெந்தவர்கள். சிறப்பானது அரண்மனைக்கும் பிரதானிகளுக்கும் போயிற்று. செய்தவன் பெயர் நமக்கு எட்டவில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் பெருநூலில் கண்டிக் கைவினைஞரின் வாழ்வு ஆங்கில ஆட்சியில் சிதைந்ததை எழுதினார். அவர் அக்கைவினைஞரின் பழைய கட்டுப்பாட்டை ஓரளவு இனிமையாக்கியே காட்டினார் என்பது நம் கருத்து. ஆயினும் அவர்களைக் கலைஞர் என்று உலகுக்குச் சொல்ல அவராவது இருந்தார்.

ஒல்லாந்தர் 1765இல் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது லெவுக்கே திசாவையின் பீரங்கியைக் கொண்டுபோனார்கள். வெள்ளியும் பொன்னும் மாணிக்கக் கற்களும் இழைத்த அப்பொருள் அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் அரும்பொருளகத்தில் நெடுங்காலம் காட்சிக்கு நின்றது. 2023இல் இரண்டு பெருந்துப்பாக்கிகளும் வாள்களும் கத்தியுமாக ஆறு பொருள்கள் இலங்கைக்குத் திரும்பின. நல்லது. கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் ஆசிரியர்கள் மாணிக்கத்தை எண்ணிக் காட்டிவிட்டு வந்துவிட வேண்டாம். எவன் கையால் ஆனது, எவனால் பறிபோனது, இருநூற்றைம்பது ஆண்டுகள் அதைத் திருப்பித் தரத் தடுத்தது எது என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.

மறுநாள் நாம் நூலைத் திருப்பிக் கொடுத்தோம். பக்கிளின் பக்கத்தை விரித்து, இரு உருளைகளையும் கரும்பலகையில் வரைந்து, ஹேக் பிரகடனத்தின் அந்த ஒரு விதியைத் தமிழில் எழுதிப் போட்டோம். வகுப்பு வாதிட்டது, வளைகுழல் துப்பாக்கியை இன்னமும் மெச்சியவர் இருந்தனர், மறைப்பதற்கில்லை. நூலுக்குரிய மாணவன் மட்டும் பேசாது கடைசிவரை பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவன் தந்தை தோட்டத்தில் வேலை செய்பவர். மூன்றாண்டுகளுக்கு முன் காட்டோரத்தில் விறகு பொறுக்கச் சென்றபோது, பன்றிக்கென்று எவரோ கயிறு இழுத்து வைத்திருந்த கட்டுத்துவக்கு வெடித்து அவருடைய இடது முழங்காலைக் குலைத்துவிட்டது. தண்ணீர்க் குழாய், ஆணி, சவுக்கம்பு, கொஞ்சம் மருந்து: அதைச் செய்தவனும் சேனைப் பயிரைப் பன்றிக்கு இழந்த ஓர் ஏழைதான்.

மணியடித்த பின் அவன் எம் மேசைக்கு வந்தான்.

"சேர், எல்லாத் துவக்கும் இருக்கு என்று எழுதியிருக்கிறார்களே, கட்டுத்துவக்கு இதில் இல்லையே" என்றான்.